காருக்கு ஒரு பிளக் பொயிண்ட்

கொழும்பில் வேலை செய்யும் என் மகள் ஒரு சின்ன பெட்டரி கார் வாங்கி, பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. வியாழக்கிழமை தோறும் ஹட்டன் கிளினிக்குக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போக அவளால் இனி முடியாது.

"நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னே செஞ்ச காருப்பா. வீட்லயே சார்ஜ் போட்டுக்கலாம்" என்றாள் மகள். விளம்பரத்திலும் அப்படித்தான் இருந்தது. எந்த வீட்டைச் சொல்கிறார்கள் என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

முப்பத்தாறு வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடு, அத்தனைக்கும் ஒரே பழைய வயர். மாலையில் காரைச் செருகியதும் பன்னிரண்டு வீட்டு விளக்கும் மங்கின. கொழுந்தெடுத்துவிட்டு வந்து ரைஸ் குக்கரில் அரிசி போட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு வந்தாள்.

"மாஸ்டர்! ஒங்க காரு சாப்புட்டு முடிச்சிருச்சா? எங்களுக்கும் கொஞ்சம் கரண்டு மிச்சம் வைங்க!"

"இன்னும் அறுபத்திரெண்டு பர்சன்ட் ஏற வேண்டியிருக்கும்மா."

"அப்ப எங்க சோத்தையும் காருக்குள்ளயே வேக வச்சிக் குடுங்க."

லயமே சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் பியூஸ் போய்விட்டது. அன்று எல்லாரும் இருட்டில் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு நான் அங்கே செருகவில்லை.

மின்சார அலுவலகத்தில் தனி லைன் கேட்டேன். வீட்டு உறுதிப் பத்திரம் வேண்டும், அல்லது தோட்டத்துக் கடிதம் வேண்டும் என்றார்கள். நான் பிறந்த வீடு அது, என் தகப்பனார் செத்த வீடு. உறுதி மட்டும் இல்லை. இங்கே யாருக்கும் இல்லை.

தோட்டத்து ஒபிசுக்குப் போனேன். தோட்டத்தை நடத்தும் துரைக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சிங்களவர்; வேலைக்கு வந்தபின் தமிழ் பழகியவர். உட்காரக் கதிரை கொடுத்தார்.

"மாஸ்டருக்குக் கடிதம் குடுத்தா நாளைக்கு எல்லா லயமும் கேக்கும். அது கம்பனி வீடுதானே? நீங்க காரை என் பங்களாவுக்குக் கொண்டு வாங்க. கராஜ்ல பொயிண்ட் இருக்கு. சல்லி ஒண்ணும் வேணாம்."

அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

துரை சொன்னதை வீட்டில் சொல்லி, காரைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை.

"இப்ப அதுல எவ்வளவு இருக்கு?"

"ஒம்பது பர்சன்ட்."

"ஹட்டனுக்குப் போய் வரக் காணுமா?"

"காணாது."

"ஒங்க ரோசத்துல ஏறி ஒக்காந்து நான் கிளினிக் போக முடியாதுங்க. பங்களாவுலயே கொண்டுபோய் விடுங்க."

புதன்கிழமை மாலை கொண்டுபோனேன். "பின்பக்கமா வாங்க மாஸ்டர், முன்னுக்குத் தொரையோட வாகனம் வரும்" என்று காவல்காரர் வழி காட்டினார். விட்டுவிட்டு, மழையில் லயத்துக்கு நடந்து இறங்கினேன்.

வியாழக்கிழமை கார் நூறு காட்டியது. மனைவி முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, ஹட்டன் வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

திரும்பும்போது, "தொரைக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வாங்க" என்றாள்.

சொன்னேன். இங்கிலிஷில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை. தமிழில் சொல்ல வாய் வரவில்லை.

"அடுத்த புதன்கிழமையும் கொண்டு வாங்க மாஸ்டர்" என்றார் அவர்.

"சரிங்க" என்றேன்.