417-ஆம் எண் குப்பி

அடிலெய்டில் இருந்த அந்த ஈஸ்ட் ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலைக்கு நோரின் டக்வெல் சேர்ந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. பட்டம் எதுவும் கிடையாது. மற்றவர்கள் கழித்துப்போட்ட பாடநூல்களை மதிய இடைவேளையில் படித்தே மரபணுவைப் பற்றிக் கற்றாள். இருபத்தெட்டு ஆண்டுகளில் அங்கிருந்த ஈஸ்ட் வகைகள் அனைத்தும் அவள் பொறுப்புக்கு வந்தன. செய்த வேலை ஒவ்வொன்றையும் தேதியிட்டு எழுதினாள். ஒரு துண்டுச் சீட்டைக்கூட எறிந்ததில்லை.

417 என்பது, டிஎன்ஏவில் நேரும் சிதைவைச் சரிசெய்யும் மரபணு நீக்கப்பட்ட ஈஸ்ட். புற ஊதா ஒளி பட்டால் செத்துவிடும். அதைத் தட்டுக்குத் தட்டு மாற்றி வளர்க்கக் கூடாது என்பது விதி. திருத்திக்கொள்ள வழியற்ற செல் பெருகப் பெருகப் பிழைகள் சேரும். அவற்றுள் ஒன்று அதை ஒளியிலும் பிழைக்க வைத்துவிட்டால், தட்டு முழுவதும் அதன் வாரிசுகளே எஞ்சும். ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் உறைபெட்டியிலுள்ள குப்பியிலிருந்தே புதிதாக எடுக்க வேண்டும்.

ஆய்வகத் தலைவர் அலிஸ்டர் பென்ஹேலுக்கு அந்தப் பொறுமை இல்லை. எட்டு மாதம் ஒரே தட்டின் வழித்தோன்றல்களையே பயன்படுத்தினார். 417 ஒளியில் சாகாமல் வளர்ந்தது. யாரும் அறியாத திருத்த வழி ஒன்றைக் கண்டுவிட்டதாகக் கட்டுரை எழுதினார்.

“அலிஸ்டர், அது இப்ப 417 இல்ல. குப்பியிலேருந்து எடுத்து ஒரு தடவ செஞ்சு பாருங்க,” என்றாள் நோரின்.

“உன் வீட்டுக்காரர் எப்படித்தான் உன்னோட காலம் தள்ளுறாரோ! சந்தேகத்த மூட்டகட்டி வெச்சுட்டு வாம்மா, கட்டுரை வெளியானதுக்குக் கேக் வெட்டணும்.”

வேறு எந்த ஆய்வகத்திலும் அந்த முடிவு கிட்டவில்லை. விசாரணை வந்தது. தாம் எப்போதும் குப்பியிலிருந்தே எடுத்ததாகவும், குப்பி கெட்டிருந்தால் அது நோரின் பொறுப்பு என்றும் பென்ஹேல் எழுதிக் கொடுத்தார். குப்பியை எடுப்பவர் கையெழுத்திட வேண்டிய உறைபெட்டிப் பதிவேட்டில் அந்த எட்டு மாதமும் அவர் கையெழுத்து இல்லை என்பதை நோரின் காட்டினாள்.

“மறந்திருப்பேன். எல்லாரும் நோரின் ஆக முடியுமா?” என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இனி குப்பிதான் சாட்சி. அதிலிருக்கும் 417 ஒளியில் செத்தால் அவள் சொன்னது மெய். அவள் வேலையும் பெயரும் நிலைக்கும். விசாரணைக் குழுத் தலைவி அர்சுலாவின் முன்னிலையில் குப்பியைத் திறந்து, தட்டில் பரப்பி, ஒளியில் காட்டினார்கள். மூன்றாம் நாள் காலை பார்த்தபோது, பால் சிந்தியதைப் போலத் தட்டெங்கும் வெண்புள்ளிகள்; ஈஸ்ட் சாகாமல் வளர்ந்திருந்தது.

நோரின் தன் குறிப்பேடுகளைப் புரட்டினாள். அந்த எட்டு மாதத்தில் ஐந்தாம் மாதத்துப் பக்கம் அவளைத் தடுத்து நிறுத்தியது. குப்பி தீரும் நிலை; புதுக் குப்பி நிரப்ப வேண்டியிருந்தது. “இந்தா, நேத்துதான் குப்பியிலேருந்து எடுத்தேன், புத்தம் புதுசு. இதையே வெச்சுக்க,” என்று பென்ஹேல் ஒரு தட்டை நீட்டியது நினைவுக்கு வந்தது. அதிலிருந்துதான் நிரப்பியிருந்தாள். வழக்கப்படி முதன்முதலில் உறையவைத்த தேதியையே புதுக் குப்பியிலும் எழுதியிருந்தாள். பழைய குப்பியை விதிப்படி நீராவியில் அவித்து எறிந்திருந்தாள்.

ஒரு பக்கத்தையும் அவள் மறைத்ததில்லை. அதையும் கொண்டுபோய் அர்சுலாவின் மேசையில் வைத்தாள்.

“‘குப்பியிலிருந்து எடுத்த புதிய தட்டு’ன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, நோரின்.”

“அவர் அப்படித்தான் சொன்னாரு.”

“சொன்னாருன்னு இதுல இல்லையே.”

“இல்ல.”

“அப்ப அவர் குப்பியிலேருந்து எடுத்ததுக்கு உங்க எழுத்தே சாட்சி ஆகுதும்மா.”

நோரின் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தட்டின் அளவு, ஊட்டக் கலவையின் எண், அன்றைய அறை வெப்பம் எல்லாம் இருந்தன. கொடுத்தவர் பெயர் மட்டும் இல்லை. அன்று அது எழுதத் தகுந்த செய்தியாக அவளுக்குத் தோன்றவில்லை.

பணிநீக்கக் கடிதம் பிப்ரவரி வெயிலில் வீட்டுக்கு வந்தது. இருமுறை படித்தாள். ஓரத்தில் இரண்டு துளையிட்டு, வந்த தேதியை எழுதி, கோப்பில் கடைசித் தாளாகக் கோத்தாள். அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க இனி ஒருவரும் வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.