முன்னும் பின்னும் வெட்டிய பேட்டி

“...நீங்களே டி.வி.யில சொல்லிட்டீங்களேக்கா, அந்தப் புள்ளையால தொந்தரவுன்னு. பெறகு அவளுக்கு எதுக்கு என் வீடு?” என்றார் மன்னவனூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பரமசிவம். ஓடையை மறித்து விடுதி கட்டுவதை எதிர்க்கும் மீனா, அவர் வீட்டில்தான் வாடகைக்கு இருக்கிறாள். உள்ளே சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மீனாவைப் பற்றிக் கேட்டதற்கு நான் சொன்னது, “தொந்தரவுன்னு சிலர் பேசுவாங்க, ஆனா அவளாலதான் எங்க கேரட்டுக்குத் தண்ணி வருது.” டி.வி.க்காரர்கள் ‘தொந்தரவு’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். நல்லவேளை, என் மகள் பேட்டி முழுவதையும் என் போனில் எடுத்திருந்தாள். பரமசிவத்திடம் போட்டுக் காட்டினேன்.

இப்போதெல்லாம் யார் மைக்கை நீட்டினாலும், எங்கே வெட்டினாலும் பொருள் மாறாதபடிதான் பேசுகிறேன்.

அன்று பரமசிவம் இரண்டு தடவை பார்த்தார். “கட்டினதை அவுத்து வை தாயி” என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, என் போனோடு டீக்கடைக்கு நடந்தார்.