இந்தியாவுக்கு நல்வரவு

எங்கள் வீட்டில் இரண்டு கம்பனிகளின் சிம் இருக்கிறது. ஒன்றுக்கு முருங்கையடியில் உயிர் வரும். மற்றதற்குக் கிணற்றுக்கட்டில் ஏறி நிற்கவேண்டும். வீட்டுக்குள் இரண்டும் செத்த பிணம். இதில் எது திறம் என்று என் மனுசனும் அவருடைய தம்பியும் வருசக்கணக்காய்ச் சண்டை. இருவரும் கடலுக்குப் போகிறவர்கள். வலை கிழிந்தால்கூட இவ்வளவு கத்தமாட்டார்கள்.

"என்ரை ஃபோர் ஜி அண்ணை. உங்கடை இன்னும் த்ரீ ஜியில தவழுது," என்பார் தம்பி.

"தவழ்ந்தாலும் மழைக்கு நிக்குது. உன்ரை ஒரு முகிலைக் கண்டாலே படுத்திடும்," என்பார் இவர்.

போன மாதம் ஒரு கம்பனிக்காரர் தலைமன்னார் சந்தியில் குடையும் மேசையும் போட்டு உட்கார்ந்திருந்தார். ஃபைவ் ஜி வருகுதாம். ஒரு முழுப்படம் கண்மூடித் திறக்கிறதுக்குள் இறங்குமாம்.

"தம்பி, எங்கட வீட்டில ஒரு ஹலோவே இறங்குதில்லை," என்றேன்.

"அப்ப போனை மாத்துங்கோ அன்ரி," என்றார், அசையாமல். வீட்டையும் மாற்றச் சொல்லாமல் விட்டாரே, புண்ணியவான்.

எனக்குப் படம் தேவையில்லை, அக்காவின் குரல்தான் தேவை. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது அவள் அங்கேயே கலியாணம் முடித்து நின்றுவிட்டாள். இப்போது மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வயிற்றில் கட்டி, ஒப்பரேஷன். ஒப்பரேஷனுக்கு முன்னம் ஒருக்கா வந்து நில் என்று நாள் தவறாமல் கேட்டாள். என் பாஸ்போட் இன்னும் கைக்கு வரவில்லை. வரமுடியாது என்று சொல்ல வாய் வராமல், "கேக்கேல்ல அக்கா, லைன் கட்டாகுது" என்று சொல்லியே தப்பிக்கொண்டிருந்தேன். கம்பனிகள் எனக்குச் செய்த ஒரே சேவை அதுதான்.

ஒப்பரேஷன் அன்று காலையில் முருங்கையும் கைவிட்டது, கிணறும் கைவிட்டது. போனைத் தூக்கிக்கொண்டு கப்பல்துறைப் பியர்க் கரைக்கு ஓடினேன். அங்கே எங்கள் டவர் விட்டால் அக்கரை டவர் பிடிக்கும். பிடித்தது. "இந்தியாவுக்கு நல்வரவு" என்று ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. பாருங்கோ கூத்தை! நாங்கள் அங்கே போக எத்தனை அரசாங்கக் கந்தோர், எத்தனை கையெழுத்து. போனுக்கு ஒன்றும் வேண்டாம், நினைத்த நேரம் போய் வருகிறது. எரிச்சலில் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மெசேஜைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். கீழே, "சும்மா பகிடிக்கு அக்கா, போன் மட்டும்தான் வந்திருக்கு" என்று எழுதினேன். படம் போய்விட்டது. எழுத்து போகவில்லை. குட்டி மணிக்கூட்டுப் படத்தோடு அப்படியே சிக்கி நின்றது.

உடனே அக்கா கோல் எடுத்தாள்.

"வந்திட்டியா? எனக்குத் தெரியும் நீ வருவாயெண்டு. இப்ப உள்ள கொண்டுபோகப் போகினம். எங்க நிக்கிறாய்?"

அவ்வளவு தெளிவான லைனை என் சீவியத்தில் நான் கேட்டதில்லை. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கட்டாகு, சனியனே, கட்டாகு என்று மனதுக்குள் கத்தினேன். ஆகவில்லை.

"வாசல்ல நிக்கிறன் அக்கா. உள்ள விடுகினமில்லை. நீங்க பயப்பிடாமப் போட்டு வாங்கோ."

"அங்கயே நில்லு, என்ன? போயிடாத."

"ஓம் அக்கா."

போனைப் பார்த்தேன். என் எழுத்து இன்னும் போகாமல் நின்றது. அழித்தேன். அந்தக் கம்பனியின் மந்தத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கும்பிட்டேன். பிறகு அந்த மணலை விட்டு நான் அசையவில்லை. மத்தியானம் இவர் சோற்றுப் பார்சலோடு வந்து கூப்பிட்டார், ஏசினார், கடைசியில் பக்கத்திலேயே குந்திவிட்டார். பார்சலைப் பிரித்து என் பக்கம் தள்ளினார்.

பின்னேரம் அத்தான் எடுத்தார்.

"எல்லாம் நல்லபடி முடிஞ்சுது. கண் முழிச்சிட்டா. முதல்ல உன்னைத்தான் கேட்டா. வாசல்ல வெயிலாம், உள்ள வந்து இருக்கட்டாம். நான் என்னத்தைச் சொல்ல?"

"கேக்கேல்ல அத்தான்," என்றேன். "லைன் கட்டாகுது."