ரீமேட்ச் கேட்டவர்கள்

என் அப்பாவின் குத்துச்சண்டைக் கையுறைகள் ஏலக்காய் மணக்கும். ஆடி மழையில் எதுவும் காயாத எங்கள் மலையில், வியர்வை ஊறிய அந்தத் தோல் உறைகளைக் காயவைக்க எஸ்டேட்டில் இருந்த ஒரே சூடான இடம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்தான் என்பதால், காய் பரப்பிய தட்டுகளுக்கு மேலே ஒரு கம்பியில் அவற்றை மாட்டிவிடுவார்கள். காலையில் எடுத்து முகர்ந்தால் கல்யாண வீட்டுப் பாயசம் ஞாபகத்துக்கு வரும். "மாடசாமி அடிச்சா மூக்கு உடையும், ஆனா மணக்கும்" என்று ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இன்றைக்கு என் சமையலறையில் ஏலக்காய் கிடையாது. பாயசம் வைத்தாலும் முந்திரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்தில் நாலு கடை சேர்ந்தாற்போல் இருந்தால் அதற்குச் 'சிட்டி' என்று பெயர். சக்குபள்ளத்துக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருந்த எங்கள் சிட்டியில் ஒரு சாயாக்கடையும் ஒரு ரேஷன் கடையும் ஜீப் ஸ்டாண்டும், அதை ஒட்டிப் பஞ்சாயத்து கட்டிக்கொடுத்த 'வெயிட்டிங் ஷெட்'டும் இருந்தன. பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் இளைஞர் கிளப்பில் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கப் போக, அதுவரை வடம் இழுக்கும் போட்டியில் கிடந்த ஊர் ஒரேயடியாக அதற்குத் தாவிவிட்டது. ஓணத்தை ஒட்டி நடக்கும் போட்டிக்கு 'மத்ஸரம்' என்று பெயர், ஹைரேஞ்சு மலை முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும். அதில் லைட் ஹெவிவெயிட் பட்டம் என் அப்பாவிடம் இருந்தது. எண்பது கிலோவைத் தொடக்கூடாத அந்தப் பிரிவுக்கு ஆளை நிறுத்துப் பார்த்ததும் ஸ்டோரில் மூட்டை போடும் தராசில்தான். பெண்கள் பறித்து வரும் காயில் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்தே பழகிப்போன கணக்குப்பிள்ளை, அப்பா ஏறி நின்றாலும் "ஈரத்துக்குக் கழிச்சா சரியா வரும்" என்பார்.

அந்தப் பட்டத்தை அப்பா, மூணாறுக்கு அப்பால் வட்டவடை ஊர்க்காரரான பால்ராஜிடமிருந்து பறித்திருந்தார். பால்ராஜ் பூண்டு மூட்டையும் கேரட் மூட்டையும் லாரியில் ஏற்றுகிறவர். அவருடைய கை விழுந்த இடம் சும்மா இருக்காது. அன்றைக்கு அப்பாவின் முகத்தை வீங்கவைத்து அனுப்பியும், பாயிண்டில் அப்பாதான் ஜெயித்தார் என்று சொல்லிவிட்டார்கள். நடுவர்கள் எல்லாம் எங்கள் பக்கத்து ஆட்கள் என்று வட்டவடைக்காரர்கள் நாற்காலியைத் தூக்கினார்கள். அடுத்த ஓணத்துக்கு 'ரீமேட்ச்' என்று கிளப்பு அறிவித்த பிறகுதான் அடங்கினார்கள்.

அதிலிருந்து ஷெட்டில் வேறு பேச்சு இல்லை. பேச்சுக்குத் தலைவர் ஜீப் டிரைவர் தங்கையா. கோழி அறுப்பதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனுஷன், கையுறை போட்டு ஒரு தடவைகூட நின்றதில்லை. ஆனால் அவருக்கு ஊரில் 'கோச்' என்று பெயர். மூணாறு வழியாக வரும் காய்கறி வண்டிக்காரர்கள் பால்ராஜ் மூட்டையைச் சுமந்துகொண்டே மேடு ஏறிப் பழகுவதாகச் செய்தி கொண்டுவருவார்கள். உடனே எங்கள் ஆட்கள் அப்பாவைப் பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிக்கொண்டு வெயிலில் ஓடச் சொல்வார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் மலையில் கூத்தாடிகள் ரெண்டு பேர் அடித்துக்கொண்டார்கள், ஊர்கள் கொண்டாடின.

கொண்டாட்டத்தில் எனக்கும் பங்கு வந்தது. சாம்பியன் மகள் என்பதால் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தங்கையா ஜீப்பில் முன் சீட்டு எனக்குத்தான். பின்னால் இருபது பேர் புளிமூட்டையாக அடைந்து கிடக்க, நான் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து போவேன். வீட்டுக்கு முட்டை வந்தது, மாட்டிறைச்சி வந்தது. அப்பாவைப் பார்த்தவர்கள் எல்லாம் அவருடைய தோளைத் தடவிப் பார்த்தார்கள். சந்தையில் மாட்டை அப்படித்தான் தடவுவார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவின் இடது கண்ணில் கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். இடது பக்கம் வைத்த டம்ளரை அவர் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். தோட்டத்தில் அந்தப் பக்கத்துச் செடிகளில் மருந்து அடிக்காமலே தாண்டிப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் மூன்று பேரும் மலை இறங்கித் தேனியில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். பழைய அடியில் கண்ணுக்குள் இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குள் இன்னொரு அடி விழுந்தால் பார்வை போய்விடும் என்றார் அவர். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: "வெளிய சொன்னா, மாடசாமி பயந்துட்டான்னு சொல்லுவானுக."

அம்மா சில நாள் பொறுத்தாள். பிறகு ஒரு சாயங்காலம், வேலை விட்டு வந்த கோலத்தில், இடுப்பில் கட்டிய படுதாவைக்கூட அவிழ்க்காமல் என்னையும் இழுத்துக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போனாள். பெண்கள் அங்கே ஜீப்புக்கு நிற்பார்களே தவிர, ஆண்கள் பேசும்போது உள்ளே நுழைவதில்லை. அம்மா நுழைந்தாள்.

"அண்ணே, இவருக்கு எடது கண்ணு போயிக்கிட்டு இருக்கு. இன்னொரு அடி விழுந்தா மொத்தமாப் போயிரும்னு டாக்டரு சொல்லிட்டாரு. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்காரு. உங்களுக்காகத்தான ஆடுறாரு, நீங்களே வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஷெட்டு அமைதியானது. அவர்கள் மனசு இளகிவிட்டது என்று நான் நம்பினேன். அம்மாவும் நம்பியிருக்க வேண்டும், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்போது பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்:

"எடதா, வலதா?"

"எடது" என்றாள் அம்மா.

அவ்வளவுதான், விவாதம் மறுபடி ஆரம்பித்தது. ஆளைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தினால் இடது பக்கம் மறைந்துவிடும் என்றார் ஒருவர். கையைத் தூக்கிக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டால் போதும் என்றார் இன்னொருவர். "குத்துறதுக்குக் கைதானய்யா வேணும், கண்ணு என்னத்துக்கு?" என்று யாரோ சொல்ல, ஷெட்டே சிரித்தது. தங்கையா மட்டும் சிரிக்காமல், பொறுப்பான குரலில் சொன்னார்: "நீ வீட்டுக்குப் போ தங்கச்சி. மேட்ச் முடியட்டும், ஆபரேஷனுக்கு நானே ஜீப்புல கொண்டுபோறேன்."

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேங்கிற கணக்கா எம்புருசன் கண்ணை அள்ளி எறைக்கிறீங்களே, நல்லாருப்பீங்களா?" என்று அம்மா கத்தினாள். அவள் கத்தியதையும் ரொம்ப நாள் நடித்துக்காட்டிச் சிரித்தார்கள்.

அந்தச் செய்தி காய்கறி வண்டி ஏறி வட்டவடைக்குப் போய்ச் சேர்ந்தது. மத்ஸரத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் அப்பா கயிற்றுக்குள் ஏறியதுமே, எதிர்ப்பக்கக் கூட்டம் மொத்தமும் "எடது! எடது!" என்று ஒரே குரலில் பாட ஆரம்பித்தது.

பால்ராஜ் முதல் ரவுண்டில் அப்பாவின் வயிற்றிலும் விலாவிலும் மட்டுமே அடித்தார். இரண்டாவது ரவுண்டிலும் அப்படித்தான். மணி அடித்து அவர் தன் மூலைக்குத் திரும்பியபோது அவருடைய ஆட்களே அவர்மேல் தண்ணீர் பாட்டிலை வீசினார்கள்; "கோழைப்பயலே, மாடசாமிக்கு மாப்பிள்ளையாப் போறியா?" என்று ஏசினார்கள். எங்கள் ஆட்கள் கைதட்டி அவரைக் கேலி செய்தார்கள். மூன்றாவது ரவுண்டில் பால்ராஜ் இடது பக்கம் அடித்தார். அடித்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது; எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் எம்பிக் குதித்துக்கொண்டிருந்தார்கள், அதில் எங்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

ஓண விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று வழக்கம்போல ஜீப்பின் முன்கதவைத் திறந்தேன். "பின்னால ஏறு பிள்ளே" என்றார் தங்கையா. பின்னால் நின்றுகொண்டு போகும்போது, அப்பா அடிபட்டு விழுந்தாரா வழுக்கி விழுந்தாரா என்ற விவாதம் காதில் விழுந்துகொண்டே வந்தது. மூன்றாவது ஆட்டம் வைத்தால்தான் தெளியும் என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டன. ஆனால் பால்ராஜ் அதற்குப் பிறகு கையுறை போடவே இல்லை, மூட்டைக்குத் திரும்பிவிட்டார். அவரை நான் ஆயுசுக்கும் திட்டமாட்டேன். அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனது அம்மாதான், பஸ்ஸில். காலம் கடந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அந்த ஸ்டோர் இல்லை. அந்த இடத்தில் டூரிஸ்டுகளுக்கு ஏலக்காய் விற்கும் கடை நிற்கிறது. கிளப்பு கலைந்துவிட்டது, மத்ஸரம் நின்றுபோய் வருஷங்கள் ஆகின்றன, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஷெட்டு மட்டும் புது ஓடு போட்டுக்கொண்டு அப்படியே இருக்கிறது. போன தடவை ஊருக்குப் போனபோது, சாப்பிடக் கூப்பிட அப்பாவைத் தேடி அங்கே போனேன். இளவட்டங்கள் செல்போனைச் சுற்றி நின்று, எந்த நாட்டிலோ நடக்கப்போகும் லைட் ஹெவிவெயிட் ரீமேட்ச்சைப் பற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். சாம்பியனுக்குப் போன ஆட்டத்தில் கண்ணுக்கு மேலே கிழிந்த காயம் இன்னும் ஆறவில்லையாம். "தள்ளி வைக்கலாம்ல, பாவம், கண்ணு போயிட்டா?" என்றான் ஒரு பையன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா கைத்தடியால் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"போனாப் போகட்டும்லே! இத்தனை ஜனம் காத்துக்கிட்டு இருக்கு, வந்து நிக்காம என்ன சாம்பியன்? எதுக்க நிக்கிறவன் நம்ம பயலா இருந்தா நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? அந்தப் புண்ணு மேலயே குடுறான்னு சொல்லுவேன்!"

முதலில் கைதட்டியவர் தங்கையா. பிறகு எல்லோரும் தட்டினார்கள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பட்டம் ஜெயித்த அன்றைக்குப் பிறகு நான் அதைப் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டே கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், கை எட்டும் தூரத்தில், அவருடைய இடது பக்கம்.