பத்து மணிக் கோலம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்து கோணும். சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும். இந்தப் பத்திரிகையில் என் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது பழகியிருக்கும்... புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் எங்கள் அண்ணன் எனக்கு ஒரு மாலை வாங்கிக்கொண்டு வந்தார். பெரிய ரோஜா மாலை. பிறந்தநாளுக்கு இல்லை. நான் செத்துப்போய்விட்டேன் என்று.

எனக்குச் சரவாங்கி. டாக்டர் அதை ருமட்டாய்டு என்கிறார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே புத்தி மாறி, நம்முடைய மூட்டையே எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம். மாத்திரை உண்டு, முழுசாகத் தீர்வது கிடையாது. காலையில் விரல்கள் மடங்கியது மடங்கியபடி இருக்கும். வெந்நீரில் கையை வைத்து, அது மெல்ல மெல்ல விரிந்து, நான் மனுஷியாவதற்கு ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும்.

எனக்கு ஒரே பெண், திவ்யா. இனிமேல் குழந்தை இல்லை என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் முடிவு கட்டிய பிறகு பிறந்தவள். பள்ளிக்கூடத்துக்குப் பேரண்ட்ஸ் மீட்டிங் போனால், 'பாட்டி வந்திருக்காங்க' என்று நாற்காலி போடுவார்கள். நானும் திருத்தியதில்லை. கூச்சம். அவள் அப்பா தவறிய கொஞ்ச நாளிலேயே எனக்கு இந்த நோய் வந்தது. நான் அவளுக்குத் தலை பின்னிவிட்டதைவிட, அவள் எனக்குப் பின்னிவிட்டதுதான் அதிகம்.

ப்ளஸ் டூ முடித்தாள். தூத்துக்குடிப் பக்கம் மீன்வளப் படிப்புக்கு இடம் கிடைத்தது. நாலு வருஷம், ஹாஸ்டல். மீனைப் பற்றி நாலு வருஷம் என்னதான் படிப்பார்களோ, எனக்குப் புரியவில்லை. ஆனால் இடம் கிடைத்த அன்று அவள் முகத்தைப் பார்த்தேன். அது புரிந்தது.

ரெண்டு நாள் கழித்து, போகமாட்டேன் என்றாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், சாமான் பூட்டுகிற லைனுக்குப் பெண்களை எடுக்கிறார்களாம். பஸ் தெருமுனைக்கே வருகிறதாம். செகண்ட் ஷிப்ட் போனால் காலையில் வீட்டில் இருக்கலாமாம்.

"நான் போய்ட்டா உனக்கு யாரும்மா ஜாக்கெட் ஊக்கு மாட்டுவாங்க?"

லைன் வேலை ஒன்றும் குறைச்சல் இல்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால், என் விரலுக்காக அவள் அங்கே போவது... அதை மட்டும் நான் விடுவதாக இல்லை.

எனக்கு ஒரு பழக்கம். லைப்ரரியில் யாராவது தன் வாழ்க்கையைத் தானே எழுதிய புத்தகமாகப் பார்த்து எடுப்பேன். வரிக்கு அடியில் விரல் வைத்துத்தான் படிப்பேன். ஒரு புத்தகத்துக்கு ஒரு மாதம் ஆகும். கஷ்டத்தை எப்படித் தாண்டினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாரும் ஏன் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துவிடுகிறார்கள்? படிக்கும்போதே எனக்குக் குற்றவாளி மாதிரி இருக்கும்.

அப்புறம்தான் அந்த மெல்லிசுப் புத்தகம் கிடைத்தது. எழுதிய அம்மாவுக்கும் இதே நோய். ரெண்டு சின்னப் பிள்ளைகள். அவர் நாலு மணிக்கு எழவில்லை. காலையில் செய்ய வேண்டியதையெல்லாம் முதல் நாள் மத்தியானமே, உடம்பு ஒத்துழைக்கும்போது செய்து வைத்துவிடுவாராம். முடியாத நாளில் முடியவில்லை என்று பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடுவாராம். மறைத்தால் பிள்ளைகள் நடந்ததைவிடப் பெரிதாகக் கற்பனை பண்ணிப் பயப்படும் என்பது அவர் கட்சி. அவ்வளவுதான் விஷயம். மலை ஏறவில்லை, மெடல் வாங்கவில்லை. எனக்கோ யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

திவ்யாவிடம் சொன்னேன். "புக்குல எழுதறதுக்கு இன்னா..." என்று இழுத்தாள்.

"சரி, பந்தயம் வெச்சுக்கலாம். நீ ஒரு வாரம் சித்தி வூட்ல போய் இரு. நான் தனியா சமாளிக்கலன்னா லைனுக்குப் போ. சமாளிச்சேன்னா தூத்துக்குடிக்குப் போ."

என் தங்கை வீடு சிங்கப்பெருமாள் கோவிலில். ஷேர் ஆட்டோ ஏறினால் வந்துவிடலாம் என்ற தைரியத்தில் ஒத்துக்கொண்டாள்.

நான் ஏற்பாடெல்லாம் பலமாகச் செய்தேன். ஜாக்கெட்டில் ஊக்கைப் பிரித்துவிட்டு, ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை தைத்து வாங்கினேன். ஃபிரிட்ஜ் கதவிலும் தாழ்ப்பாளிலும் துணி வளையம் கட்டினேன், முழங்கையை விட்டு இழுக்க. சாயங்காலமே பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி வைத்தேன். வாசல் கோலம் தினமும் திவ்யாதான் போடுவாள். அதைக் கை விரிந்த பிறகு, பத்து மணிக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினேன்.

இதைத் திவ்யாவிடம் சொன்னேன். தங்கையிடம் சொன்னேன். தெருவுக்குச் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய், 'நாளையிலிருந்து நான் லேட்டு' என்று எப்படிச் சொல்வது?

எங்கள் தெருவில் விடிந்தும் வாசல் தெளிக்காத வீடு என்றால் அர்த்தம் ஒன்றுதான். அந்த வீட்டில் சாவு.

முதல் நாள் காலை. எதிர்வீட்டு ராணி நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள். என் வாசலைப் பார்த்திருக்கிறாள். காய்ந்து கிடக்கிறது, கதவும் சாத்தியிருக்கிறது. தட்டிப் பார்க்கவேண்டியதுதானே? பயமாம். சொந்தக்காரர்கள்தான் முதலில் வரணும் என்று மணிமங்கலத்தில் இருக்கும் எங்கள் அண்ணனுக்கு போன் போட்டுவிட்டாள். அவர் திவ்யாவுக்குப் போட்டார்.

திவ்யா எனக்குப் போட்டாள். போன் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் காலையில் என் விரலை அந்த டச் ஸ்கிரீன் விரலாகவே மதிப்பதில்லை. தள்ளித் தள்ளிப் பார்ப்பதற்குள் கட்டாகிவிட்டது, நாலைந்து தடவை. வெளியே கசமுசாவென்று சத்தம். ஏதோ கம்பெனி பஸ் நின்றுபோய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டு, நான் பின்கட்டில் வெந்நீரில் கையை வைத்து நிதானமாக உட்கார்ந்திருந்தேன்.

கை விரிந்தது. கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

தெருவே நிற்கிறது. அப்போதுதான் வந்து இறங்கிய அண்ணன் கையில் மாலை. தெருமுனையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, செருப்பில்லாமல் ஓடி வருகிறாள் என் பெண்.

அண்ணன் மாலையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"இன்னாண்ணா இது?"

"வர வழியில கடை தொறந்து இருந்திச்சி... அதான்" என்றார் பாவம்.

"யக்கா, கோலம் இல்லியேன்னு..." என்று ராணி அழ ஆரம்பித்தாள்.

ஆயுசில் நான் நாலு பேருக்கு நடுவில் வாய் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன். எப்படியோ வந்துவிட்டது.

"எனக்குப் பத்து மணிக்குத்தான் விடியும். இனிமே இந்த வூட்ல கோலம் பத்து மணிக்கு. அதுக்கு முன்னாடி யாரும் மாலை வாங்காதீங்க."

தண்ணீர் தெளித்து, அத்தனை பேர் பார்க்க, நாலு புள்ளி வைத்து ஒரு சின்னக் கோலம் போட்டேன். கோணல்தான். ஆனால் நான் போட்டது.

அந்த மாலையை என்ன செய்வது என்று பெரிய விவாதம். சாமிக்குப் போடக்கூடாது. கடைக்காரன் திரும்ப வாங்கமாட்டான். கடைசியில் ராணி வீட்டு ஆடு தின்றது.

திவ்யா உள்ளே வந்து, "பாத்தியா, நான் எங்கியும் போகல" என்றாள்.

"நான் சமாளிச்சேன். பயந்தது நீங்கதான். பந்தயம் என்கூட, தெருகூட இல்ல. சித்தி வூட்டுக்குக் கிளம்பு."

முறைத்துக்கொண்டே போனாள்.

இத்தோடு முடித்தால் கதை மாதிரி அழகாக இருக்கும். ஆனால் அந்த வாரத்து நடுவில் ஒரு நாள், நிஜமாகவே முடியவில்லை. முட்டி வீங்கிவிட்டது. பத்துக்கும் கோலம் இல்லை. ராணி வந்து தட்டினாள். ஆமாம், இந்தத் தடவை தட்டினாள். கஞ்சி வைத்துக் கொடுத்து, திவ்யாவுக்கு போனும் போட்டுக் கொடுத்தாள். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடலாமா? நாக்கு நுனியில் இருந்தது. அந்தப் புத்தகத்து அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு எனக்கு முடியலடி."

"வரட்டாம்மா?"

"வேணாம். முடியலன்னு உன்கிட்ட சொல்றதுக்குத்தான் போட்டேன். கூப்பிடறதுக்கு இல்ல."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"அப்பாவோட பெரிய பெட்டி எங்க வெச்சிருக்க? ஹாஸ்டலுக்கு அதுதான் தோதா இருக்கும்."

இப்போது தூத்துக்குடியில் இருக்கிறாள். ஏதோ மீனுக்கு எத்தனை செதில் என்று எண்ண வைக்கிறார்களாம். அவளும் சில நாள், "இன்னிக்கு முடியலம்மா, உன் ஞாபகமாவே கீது" என்கிறாள். நான் 'வந்துடு' என்று சொல்வதில்லை. "சொல்லு" என்கிறேன்... கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் புத்தகத்தின் பெயரும், எழுதிய அம்மாவின் ஊரும் எனக்கு மறந்துபோய்விட்டது. ஈரோடு என்று ஞாபகம், தப்பாகவும் இருக்கலாம். நோயைப் பற்றி நான் எழுதியதும் டாக்டர் சொன்னதும் ஒன்றுதானா, தெரியாது. பத்திரிகை ஆபீசில் யாராவது விவரம் தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் சரிபார்த்துப் போடுங்கள்.

நான் உயிரோடு இருக்கிறேனா என்பதை மட்டும் பத்து மணிக்கு மேல் சரிபார்த்தால் போதும்.