மூன்று விரல் தண்ணீர்

பறவைப் படம் எடுக்கிறவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. நானும் அதில் ஒருத்தி. அதனால் சில நாள் காலையில் தலை வாரக் கண்ணாடி முன்னால் நின்றாலும் அதே குமட்டல்தான்.

கல்கத்தாவில் எங்கள் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறரைக்கு ஏரிப் பூங்காவில் கூடும். கார்டன் ரீச்சிலிருந்து காளிகாட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஆட்டோ பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லோரும் வந்து நல்ல இடமாகப் பிடித்திருப்பார்கள். பத்தொன்பது ஆண்கள், அப்புறம் நான். ஆண்கள் அத்தனை பேரும் போருக்குப் போகிறவர்கள் மாதிரி பச்சைத் திட்டுத் திட்டாகச் சட்டை போட்டிருப்பார்கள். பக்கத்தில் யோகா வகுப்பில் நாற்பது பேர் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், டீக்காரன் கெட்டிலோடு சுற்றுவான். அந்தச் சந்தடியில் இவர்கள் யார் கண்ணுக்குத் தப்ப அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று எனக்குக் கடைசி வரை புரியவில்லை.

ஒருவர் செல்போனில் ஆண் பறவையின் குரலை ஸ்பீக்கர் வைத்துப் போடுவார். வேறொருவன் தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டான் என்று நினைத்து, உள்ளே இருக்கும் பறவை அலறியடித்துக்கொண்டு வெளியே வந்து கிளையில் உட்காரும். படபடவென்று இருபது கேமரா. மறுபடி போடுவார், மறுபடி வரும். இல்லாத எதிரியைத் தேடி அது காலை முழுக்க இரை எடுக்காமல் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் பையில் கத்தரிக்கோல் வைத்திருப்பார். தையல்சிட்டு இலைகளைத் தைத்துக் கட்டிய கூட்டை மறைத்திருந்த மற்ற இலைகளையெல்லாம் ஒரு நாள் அந்தக் கத்தரிக்கோலால் நறுக்கித் தள்ளினார். பின்னணி சுத்தமாக இருக்க வேண்டுமாம். அடுத்த ஞாயிறு கூடு காலி. காக்கை பார்த்துவிட்டிருக்கிறது. அந்தப் படத்துக்கு அவர் வைத்த தலைப்பு ‘தாய்மை’. தூ என்று துப்பலாம் போல இருந்தது.

துப்பிவிட்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம் ஒரு சுவர்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் குழு ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து நாற்பது படங்களைச் சட்டம் போட்டு மாட்டும். கீழே எடுத்தவர் பெயர். நான்கு வருடம் அனுப்பினேன், நான்கு வருடமும் தள்ளிவிட்டார்கள். “பறவை இருந்துச்சுங்கிறதுக்கு சாட்சி, அவ்வளவுதான் பௌதி” என்றார் குழுத் தலைவர். இங்கே அண்ணியைப் பௌதி என்பார்கள். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், வாய் மட்டும் நீளம். எனக்கு அந்தச் சுவர் வேண்டும் என்று இருந்தது. கல்கத்தாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடத்தில் என் பெயரை யாரும் எங்கேயும் எழுதி மாட்டியதில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசல் பலகையில் இருப்பது கணவர் பெயர். ஐம்பத்தொரு வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பரிசுக்கு ஏங்கினேன், சொல்வதற்கு என்ன.

அந்தச் சுவரில் என்னைப் பைத்தியமாக்கியவை மீன்கொத்திப் படங்கள்தான். சின்ன நீல மீன்கொத்தி, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது, தலைகீழாகத் தண்ணீரைத் தொடும் அந்த நொடி. வருடா வருடம் இரண்டு மூன்று படம் அப்படி இருக்கும். எத்தனை நாள் ஆற்றங்கரையில் தவம் கிடந்தார்களோ என்று வாயைப் பிளந்து பார்ப்பேன். போன நவம்பரில் ஒரு நாள் பழைய கண்காட்சிப் படங்களைச் செல்போனில் புரட்டியபோது கண்ணில் பட்டது: வெவ்வேறு ஆட்கள் எடுத்த மூன்று படத்திலும் ஒரே கிளை. அதே கணு, அதே வளைவு. தலைவரிடம் கேட்டேன். சிரித்தார்.

“ஆத்தங்கரையில யாரு நாள் முழுக்க உக்காருவா, பௌதி? டப்புதான், துணி அலசுற பிளாஸ்டிக் டப்பு. உயிர் மீனப் போடுங்க, மேல ஒரு குச்சிய நடுங்க. எங்க விழும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

எங்கள் குவார்ட்டர்ஸ் தரைத்தளம். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆகாயத்தாமரை மூடிய ஒரு குளம். அங்கிருந்து ஒரு மீன்கொத்தி தினமும் காலையில் எங்கள் துணிக்கொடிக் கம்பத்தில் வந்து உட்காரும். என் வீட்டிலேயே பறவை, என் வீட்டிலேயே டப். மீன்தான் இல்லை. நாங்கள் திருநெல்வேலிச் சைவக் குடும்பம். இருபத்திரண்டு வருடமாக மீன் கடைத் தெருவை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டியவள் நான்.

போனேன். செதிலும் ரத்தமும் கலந்த தண்ணீர் செருப்புக்குள் ஏறியது. அலுமினியப் பாத்திரத்தில் விரல் நீளத் தெலாப்பியா குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. மீன்காரனுக்கு என்னைத் தெரியும். பக்கத்துக் கடையில் நான் பூசணிக்காய்க்குப் பேரம் பேசுவதைப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவன். நான் மீனைக் காட்டியதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“பௌதி! கடைசில நீங்களும் எங்க ஆளாயிட்டீங்க!”

வெட்டித் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம், உயிரோடுதான் வேண்டும் என்றேன். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. உயிரோடு வாங்கிப் போய்த் தானே ஆய்ந்து சமைக்கிறவள்தான் கைதேர்ந்தவள் என்பது அவன் எண்ணம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னான். கருஞ்சீரகம் தாளித்துப் பச்சை மிளகாய் கீறிப் போடச் சொன்னான். நான் தலையாட்டினேன். பறவைக்குத் தீனி என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. மீன் தின்கிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும், அது கௌரவமாக இருக்கிறது என்று தோன்றிவிட்டது.

வாரம் இரண்டு தடவை போனேன். கணவர் ரயில்வே தலைமையகத்தில் வேலை, சாயங்காலம் வந்ததும் வாசலிலேயே நின்றுவிடுவார்.

“என்னட்டி இது, வீடு பூரா கவிச்சி அடிக்கி?”

“கொல்லையிலதான இருக்கு. ஒங்க தட்டுலயா போட்டேன்?”

“உண்ணாத வீட்டுல இவ்வளவு மீனு செலவாகுதது நம்ம வீட்டுலதாம்ட்டி.”

மாடியில் இருப்பவர் ஒரு வங்காளி அம்மாள், என்னைவிட மூத்தவர், நான் திதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். பதினோரு வருடமாக அவர் எங்களுக்கென்று ஒரு பாத்திரமும் கரண்டியும் தனியாக வைத்திருந்தார். பூஜை நாட்களில் கிச்சடி செய்தால், மீன் படாத அந்தப் பாத்திரத்தில் முதலில் எங்களுக்கு எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. காலையில் அவரும் பால்கனியில் டீயோடு நின்று அந்த மீன்கொத்தியைப் பார்ப்பார். “நம்ம மாச்ராங்கா வந்துட்டான்” என்று மேலிருந்து குரல் கொடுப்பார். வங்காளத்தில் மீன்கொத்திக்கு அதுதான் பெயர்.

நம்ம மாச்ராங்காவுக்கு டப் நாலே நாளில் பழகிவிட்டது. கம்பத்தை விட்டுவிட்டு நான் நட்ட குச்சியில் உட்கார்ந்தது. பாய்ந்தது, மீனோடு திரும்பி வந்தது. ஆனால் படம் வரவில்லை. டப்பில் முக்கால் பங்கு தண்ணீர் இருந்ததால் மீன்கள் அடியில் போய் ஒளிந்தன. பறவை எந்த மூலையில் விழும் என்று சொல்ல முடியவில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் வாலும் தெறித்த தண்ணீரும்தான். கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருந்தது.

குவளையால் மொண்டு வெளியே ஊற்றினேன். முதலில் பாதியாக்கினேன். இரண்டு நாள் கழித்துக் காலாக்கினேன். பிளாஸ்டிக் தெரியக் கூடாது என்று அடியில் கூழாங்கல் பரப்பினேன். அந்த வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் மூன்று விரல் அளவுதான். விரலை விட்டே அளந்து பார்த்தேன். மீனுக்கு ஒளிய இடமில்லை, எனக்குக் குறி தவற வழியில்லை. இவ்வளவு வேகமாக வருகிறதே, இடித்துக்கொள்ளாதா என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் கேமராவோடு போய் உட்கார்ந்தேன்.

வந்தது. குச்சியில் உட்கார்ந்து தலையை இரண்டு தடவை ஆட்டியது. பாய்ந்தது. நான் பொத்தானை அழுத்தினேன். வழக்கமாகத் தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேட்கும், அன்றைக்கு டொக் என்று கேட்டது.

அடுத்து நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். நான் டப்பைப் பார்க்கவில்லை, கேமராத் திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். நாலாவதில் எல்லாம் இருந்தது: அலகு நுனி தண்ணீரைத் தொடுகிறது, ஒரு சொட்டு எழும்புகிறது, நீலம் அப்படியே தகதகக்கிறது. கண் துல்லியமாக இருக்கிறதா என்று பெரிதாக்கினேன். இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. செல்போனுக்கு மாற்றிக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். கட்டை விரல்கள் குவிந்தன. ‘இந்த வருஷம் நடுச்சுவர் உங்களுக்குத்தான் பௌதி’ என்று தலைவர் எழுதினார். அதை இரண்டு முறை படித்தேன். அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்தினேன். குச்சி காலியாக இருந்தது.

டப்பில் அது ஒரு சிறகை விரித்தபடி கிடந்தது. கழுத்து ஒரு பக்கம் மடிந்திருந்தது. மீன் குஞ்சு உயிரோடு அதைச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. கையில் எடுத்தேன். எடையே இல்லை. இன்னும் சூடு ஆறவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அதற்கு உயிர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு திதி வந்தார், கையில் மூடி போட்ட கிண்ணம். கடுகு அரைத்துச் செய்த மீன் குழம்பு. வாசனை முன்னாலேயே வந்துவிட்டது.

“மீன்காரன் சொன்னான். ஒரு மாசமா வாங்கறியாமே! என்கிட்ட சொல்ல என்ன வெக்கம்? பதினோரு வருஷமா உனக்கு என் கையால மீன் குடுக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆச தெரியுமா?”

அப்புறம் என் உள்ளங்கையைப் பார்த்தார். டப்பைப் பார்த்தார். நடப்பட்ட குச்சியையும் முக்காலியில் நின்ற கேமராவையும் பார்த்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீரைக் குறைத்ததையும் சொன்னேன். அழுதேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அழுகை வரவில்லை. திதி கோபப்படவும் இல்லை. கிண்ணத்தின் மூடியைச் சரியாக அழுத்தி மூடினார்.

“நீ மீன் தின்னிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன்” என்றார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

பறவையைச் செம்பருத்திச் செடிக்கடியில் புதைத்தேன். படத்தைச் சுவருக்குத் தரவில்லை. பறவை செத்ததைக் குழுவில் எழுதினேன். தலைவர் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: ‘இதையெல்லாம் வெளியில் சொல்லாதீங்க, படம் பிரமாதம்.’ குழுவில் எழுதியதை நான் அழிக்க மறுத்ததும் அரை மணி நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. திதி அந்த நேரம் வராமல் இருந்திருந்தால் சட்டம் போட்டு மாட்டி, கீழே நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

இங்கே தை மாதத்தில் வரும் சரஸ்வதி பூஜைக்கு மாடியிலிருந்து கிச்சடி வந்தது. அதே தனிப் பாத்திரத்தில், மீன் படாமல். திதி வரவில்லை, வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். கணவர் ரசித்துச் சாப்பிட்டார். நான் ஒரு வாயோடு தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன். காலையில் பால்கனியில் டீ குடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது, மேலிருந்து யாரும் குரல் கொடுப்பதில்லை.

டப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கேமராவைத் தொடுவதில்லை, ஒன்றே ஒன்றுக்குத் தவிர. அந்த நாலாவது படத்தை அழித்துவிட வேண்டும் என்று அவ்வப்போது எடுக்கிறேன். எடுத்ததும் என் விரல் தானாகப் போய்க் கண்ணைப் பெரிதாக்குகிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்கவில்லை, அவ்வளவு துல்லியம். நல்ல படம் என்று மனசு சொல்கிறது. அழிக்காமல் மூடி வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவுகிறேன்.