ஸ்டெல்லா கொடுத்த சொட்டு

குமணன்சாவடி சிக்னலில் நின்றிருந்தபோது ஸ்டெல்லாவின் மகள் ஜெனிஃபர் அழைத்தாள். “அங்கிள், அம்மா தூக்கத்துலயே போயிடுச்சு.” பச்சை விழுந்தது. பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினேன்.

அம்பத்தூரில் எங்கள் சிறிய கம்பெனியில், ரத்தச் சொட்டு வைக்கும் சோதனைப் பட்டைகளைச் செய்தவர் ஸ்டெல்லா. குடும்பவழியாகப் புற்றுநோய் வரவைக்கும் மரபணு மாற்றத்தை, விரல்நுனி ரத்தத்திலேயே கண்டு சொல்லும் கையடக்கக் கருவி எங்களுடையது. இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரோடு நம் பரிசோதனை முகாம்களில் நின்றவர்கள். அவர் வாயையும் அறிவீர்கள்.

கருவியைச் சரிபார்க்க, மாற்றம் இல்லாதவர் ரத்தம் வேண்டும். வேறு யாரைத் தேடுவது? நாங்களே வரிசையில் நின்று விரலை நீட்டுவோம். எல்லோருக்கும் ‘இல்லை’ என்று வரும். ஸ்டெல்லாவுக்கு மட்டும் ‘உண்டு’ என்று வரும். பட்டைதான் கெட்டது என்று நான் முடிவுகட்டினேன். பட்டையை மாற்றினோம், பட்டையில் அச்சிடும் மையை மாற்றினோம், ஏசியைக்கூடக் குறை சொன்னோம். இரண்டு மாதம் போயிற்று. படித்த முட்டாள் என்பார்களே, அது நான்தான்.

ஒருநாள் அவரே பட்டையை என் மேசையில் வைத்தார். “இன்னா சார், பொட்டியவே திட்டிகினு கீறீங்க? பொட்டி நல்லாத்தான் கீது. எங்கம்மா, சித்தி ரெண்டு பேருமே மார்ல கட்டி வந்துதான் செத்தாங்க.”

“அட, சும்மா இருங்கக்கா” என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. மறுநாளே அவர் மருத்துவமனைக்குப் போனார். கருவி சொன்னதுதான் சரி. நோய் அதற்குள் பரவியும் இருந்தது.

அழுவார் என்று நினைத்தேன். “என் கத கெடக்கட்டும் சார், பொண்ணுக்குப் பாருங்க” என்றார். ஜெனிஃபருக்கும் அந்த மாற்றம் இருந்தது. அன்றிலிருந்து தவறாமல் பரிசோதனை; போன வருடம் பட்டாணி அளவில் ஒரு கட்டி தெரிந்தது, உடனே எடுத்துவிட்டார்கள். இன்று நன்றாக இருக்கிறாள்.

நசரத்பேட்டையில் அடக்கம் முடிந்ததும் அவளிடம், “மன்னிச்சிடும்மா, ரெண்டு மாசத்த வீணாக்கிட்டேன்” என்றேன்.

“அம்மா உங்கள ஒருநாளும் திட்டல அங்கிள். ‘அந்தப் பொட்டி இல்லாங்காட்டி உன்னையுமில்ல பறிகொடுத்திருப்பேன்’னுதான் சொல்லும்.”

எங்கள் ஃப்ரீசரில் ஸ்டெல்லா மனமுவந்து கொடுத்த ரத்தம் சிறு குப்பிகளில் இருக்கிறது. மேலே அவர் கையெழுத்து: ‘ஸ்டெல்லா. மிஷின் மேல தப்பு இல்ல.’ எந்தக் கருவியும் அந்த ரத்தத்துக்கு ‘உண்டு’ என்று சரியாகச் சொன்ன பிறகுதான் வெளியே போகும். நேற்று திருவேற்காடு முகாமுக்குப் போகவேண்டிய கருவியில் ஒரு சொட்டு வைத்தேன். ‘உண்டு’ என்றது. “உண்டுதான் அக்கா” என்று சொல்லி, பெட்டியை மூடி அனுப்பிவைத்தேன்.